ஒரு பழுதும் இல்லாத பேன்டம்

பதுளையில் ஸஜீதாவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் பல் செய்கிற ஸஜீதாதான். பல் டொக்டர்மார் ஆளின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வார்த்து, தேய்த்து, மினுக்கிக் கட்டுப்பல்லாக்கிக் கொடுப்பாள். பசறை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில், தன் வீட்டுப் பின்னறையில், இருபத்து மூன்று வருஷமாக அதுதான் அவள் வேலை. கணவன் றுஷ்தி டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். வயது நாற்பத்தொன்பது ஆகும்வரை அவள் ஒரு சைக்கிளைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை.

எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது.

"தங்கச்சி, ஒரு பல்லு ஒடஞ்சி போச்சி. செஞ்சி தர ஏலுமா?" என்றது ஒரு வயதான குரல்.

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

"மேல கீழ எல்லாம் இல்ல. சுத்திவர பதினேழு பல்லு இரிக்கி. அதில ஒன்டுதான் இல்ல."

ஸஜீதா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "சுத்திவரயா? யாருட வாயில?"

"வாய் எங்க வந்தது? நான் பைக்கச் சொல்றன்."

பேசியது அஸ்ஹர். பண்டாரவளையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பழைய மோட்டார் சைக்கிள்களில் பைத்தியம். அவருடைய பைக்கின் வேகமானியை ஓட்டும் சுண்டுவிரல் நகமளவு பற்சக்கரத்தில் ஒரு பல் போயிருந்தது. கட்டுப்பல்லுக்குக் கம்பிச் சட்டம் வார்க்கிற உலோகம் மிகவும் கெட்டியானது என்று யாரோ சொல்லக் கேட்டு அவளைப் பிடித்திருக்கிறார். ஸஜீதாவுக்கு அது புதினமாக இருந்தது. உடைந்த சக்கரத்தில் மெழுகால் பல்லைக் கட்டி, அச்செடுத்து, முழுச் சக்கரத்தையும் புதிதாக வார்த்துக் கொடுத்தாள். அதை மாட்டி ஓட்டிப் பார்த்த அஸ்ஹர் நேரில் வந்து, ஒரு டப்பா மஸ்கெட் இனிப்பைக் கையில் கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நுவரெலியாவிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு டாங்கியில் பதிக்கும் சின்னம் வேண்டும். இன்னொருவருக்கு ஹாண்டில் முனைக் குமிழ். பிறகு "இதக் கழட்டிப் பார்க்க ஏலுமா", "இத ஒருக்கா மினுக்கித் தர ஏலுமா" என்று வேலை கூடிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் பசறையைச் சேர்ந்த ஒரு பெரியவரின் மேல்செட்டுப் பல்லில், இளஞ்சிவப்பு ஈறின் மேலே, தன் பெருவிரல் ரேகை கறுப்பு கிரீஸில் அழகாகப் பதிந்திருப்பதை ஸஜீதா கண்டாள். அன்றைக்கே றுஷ்தியிடம் சொன்னாள்: "ஒன்டு இத விடணும். இல்லாட்டி இதுக்கு வேற இடம் வேணும்."

விடு என்று சொல்வார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். றுஷ்தி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "காரை ரோட்டில நிப்பாட்டுவம். போர்ட்டிக்கோவ எடுங்க."

அப்படித்தான் வீட்டு முன் போர்ட்டிக்கோ கராஜ் ஆனது. அது அவர்கள் நினைத்ததுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக முடியவில்லை. மழைத்தண்ணீர் ஓடிவிட வேண்டும் என்று சரிவாகப் போட்ட தரை. கீழே விழுகிற ஒவ்வொரு ஆணியும் உருண்டு கேற்றடி வாய்க்காலில் போய் விழுந்தது. விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்தார்கள். இருந்து வேலை செய்து பழகியவளுக்கு நின்றபடி வேலை ஓடவில்லை. அதனால் மேசையை உயர்த்தாமல் பைக்கை உயர்த்தினார்கள்: பழைய கட்டில் சட்டத்தின் மேல் தடித்த பலகை அடித்து, செங்கல் கொடுத்து, ஏற்றி இறக்க ஒரு சாய்வுப் பலகையும் செய்தார்கள். பதுளை மழையில் இரும்பு ஒரே இரவில் துரு கட்டும். உடுப்பு அலுமாரி ஒன்றை வெளியே கொண்டுவந்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, தேய்த்த உதிரிகளை அந்தச் சூட்டில் வைத்தாள். கராஜுக்கு ஒரு ஏப்ரன், பல்லுக்கு ஒரு ஏப்ரன். கராஜுக்கு ஒரு சவர்க்காரம், பல்லுக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்தபடி விடக்கூடாது என்று றுஷ்திக்குக் கண்டிப்பான உத்தரவு.

றுஷ்தி தன் பங்குக்கு, இணையத்திலிருந்து பழைய பைக்குகளின் படங்களை இறக்கி, பெரிதாக அச்சடித்து, லேமினேட் பண்ணிச் சுவரெல்லாம் ஒட்டினார். ஒவ்வொரு பைக்கும் வெடித்துச் சிதறியதுபோல, நட்டு வேறு, வாஷர் வேறாகக் காற்றில் நிற்கும் படங்கள். வீட்டுக்கு வந்த பெரியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன, அக்சிடென்ட்டா?" என்று கேட்டார்கள்.

ஸஜீதாவுக்குக் கை வேலை கஷ்டமாக இல்லை. விளங்காதது ஆட்களின் பேச்சு. "பழசு பழசாத் தெரியணும், அதான் பெறுமதி" என்பார் அஸ்ஹர். இரண்டு கிழமை போகும். சைலன்சரைக் கொண்டுவந்து, "முகம் தெரிய மின்னணும்" என்பார்.

"அஸ்ஹர் நானா, எது? பழசா, புதுசா?"

"ரெண்டும்தான் தங்கச்சி."

பல்லில் இந்தக் குழப்பம் இல்லை. ஆள் கடிக்க வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும். வலித்தால் அவரே டொக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவார். பைக் விஷயத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், கேட்கிற அவளையே ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

இந்த நிலையில்தான் போன வருஷம் ஜனவரியில் துஷாந்த் வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். எல்லை என்ற மலையூரில் உல்லாசப் பயணிகளுக்கு வேன் ஓட்டுபவன். ஊர் பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரு த்ரீவீலின் பின்சீட் முழுக்க ஐந்து உரச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"அப்பாவோட வண்டிங்க அக்கா. பி.எஸ்.ஏ. பேன்டம். இத பூட்டி ஓட வச்சுக் குடுக்கணும். அப்பாக்கு தெரியாது. திடீர்னு கொண்டுபோய் வாசல்ல நிப்பாட்டணும்னு ஆச."

"என்ன பழுது?"

"அதுதான் தெரியலைங்க. மெக்கானிக் ஒருத்தர்கிட்ட குடுத்திருக்குன்னு ரெண்டு வருஷமா வீட்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கூரைத் தகரம் மாத்தப் போனேன், பாத்தா பரண் மேல சாக்குல கெடக்கு. கழட்டிட்டு பூட்டத் தெரியாம குடுத்துட்டான் போல."

அவன் அப்பா கந்தப்பன் தோட்டத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு தோட்டத்தை நடத்திய ஒரு துரை விட்டுப்போன பைக்கை அடுத்து வந்த துரை இவருக்குக் கொடுத்தாராம். நாற்பது வருஷம் அவர்தான் ஓட்டினாராம். இதைச் சொல்லிவிட்டு, தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, துஷாந்த் போய்விட்டான். மூன்று கிழமைக்குப் பிறகு ஸஜீதா அழைத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. எல்லைப் பக்கம் விசாரித்த அஸ்ஹர், பையன் ருமேனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டானாம் என்று செய்தி கொண்டுவந்தார்.

சாக்குகளை என்ன செய்வது? தோட்டம் இன்னதென்று அவன் சொல்லவில்லை. பசறைக்கு அப்பால் எத்தனையோ தோட்டம். திருப்பிக் கொடுக்க வழி இல்லை, தூக்கி எறியவும் ஏலாது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, றுஷ்தி பள்ளிவாசலுக்குப் போன பிறகு, முதல் சாக்கை அவிழ்த்தாள்.

உள்ளே இருந்ததைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டாள். கிரீஸும் துருவும் குவிந்து கிடக்கும் என்று நினைத்திருந்தவளுக்கு முன்னால், துணி முடிச்சுகள். ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுகள்: சிவப்பு, பச்சை, பூப்போட்டது. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் நாலைந்து உதிரிகள், எண்ணெய் தடவி, கம்பளி நூலில் வரிசையாகக் கோத்து. முன் சில்லின் நட்டு, வாஷர், கோன் எல்லாம் எந்த வரிசையில் கழன்று வருமோ அதே வரிசையில் நூலில் நின்றன. வலப் பக்கத்துச் சாமான் சிவப்பில், இடப் பக்கம் பச்சையில். சுவரில் இருந்த லேமினேட் படங்களைவிட அது தெளிவாக இருந்தது.

"பூட்டத் தெரியாம விட்டவன் இப்படி முடிச்சுப் போடுவானா?" என்று, திரும்பி வந்த றுஷ்தியிடம் கேட்டாள்.

றுஷ்தி ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டத் தெரியாமல் அவளிடமே கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து நாலு மாதம் ஸஜீதா பழுதைத் தேடினாள். ஒரு வண்டியைக் கடைசி ஆணிவரை கழற்றியிருந்தால் உள்ளே பெரிய கோளாறு ஒன்று இருக்கத்தானே வேண்டும்? பிஸ்டனைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள், கீறல் இல்லை. வளையங்கள் சரி. கிராங்கைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அசைவு இல்லை. கியர்களின் பற்களை ஒவ்வொன்றாக, நோயாளியின் பல்லை எண்ணுவதுபோல எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை, தேயவுமில்லை.

"காந்தம் பலம் போயிருக்கும். பழைய வண்டியில அதுதான் நோய்" என்றார் அஸ்ஹர்.

பிளக்கைப் பிடித்துக்கொண்டு ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்த்தாள். விரலிலிருந்து முழங்கைவரை கரண்ட் ஒரு அடி அடித்தது. காந்தம் நன்றாகவே இருந்தது.

"அப்ப பிரேமில வெடிப்பு இரிக்கும். பெயின்ட்டுக்குக் கீழ. தெரியாது."

பெயின்ட்டைச் சுரண்டினாள். வெடிப்பு இல்லை. ஒரே ஒரு விஷயம்: முன் சில்லுக் காப்பின் ஓரம் நெளிந்திருந்தது, இடது கால்வைப்பு சற்று உள்ளே வளைந்திருந்தது. எங்கோ மெதுவாக விழுந்த அடையாளம். அதற்காக எஞ்சினைப் பிளப்பார்களா?

அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. பல் செய்கிறவளுக்கு இதில் என்ன தெரியும், கண் முன்னால் இருக்கிற பழுது தனக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்தாள். சோற்றுக்கு அரிசி போட்டுவிட்டுத் தண்ணீர் வைக்க மறந்தாள். ஒரு டொக்டருக்குப் போக வேண்டிய கீழ்செட்டை இன்னொரு டொக்டரின் பெட்டியில் வைத்து அனுப்பி, இரண்டு இடத்திலும் ஏச்சு வாங்கினாள். பழுதைக் கண்டுபிடிக்காமல் பூட்டினால் ஓடும்போது என்ன ஆகும் என்ற பயத்தில், பூட்டவும் கை வரவில்லை.

"பழுது இல்லாட்டி பூட்ட வேண்டியதுதானே" என்றார் றுஷ்தி, பிளேன்டீயை உறிஞ்சியபடி.

"பழுது இல்லாட்டி ஏன் கழட்டின?"

"அத கழட்டின ஆளுகிட்டதான் கேக்கணும்."

வேறு வழி இல்லாமல் பூட்டத் தொடங்கினாள். நெளிந்ததை நிமிர்த்தினாள். பெயின்ட் அடிக்கப் பிளாஸ்டிக் திரை கட்டி, பனி விலகி வெயில் அடிக்கிற நாள் பார்த்துக் காத்திருந்து, இளம்பச்சை அடித்தாள். முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து அடுத்தது இது, அதற்கடுத்தது இது என்று எடுத்துக் கொடுப்பதுபோல வேலை ஓடியது. ஜூன் கடைசியில் பேன்டம் பலகை மேல் இரண்டு சில்லில் நின்றது.

அந்தக் கிழமையே சனி முற்பகலில், மழைக்குள், ஒரு பெண் கேற்றைத் தட்டினாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குடையை மடக்கியவள் உள்ளே வரவில்லை; போர்ட்டிக்கோவின் விளிம்பில் நின்றபடி பைக்கையே பார்த்தாள்.

"பூட்டிட்டீங்களா?" என்றாள். பிறகு, "எல்லாத்தையும் பூட்டிட்டீங்களாக்கா?"

"நீங்க யாரு?"

"துஷாந்தோட அக்கா. விஜயலெட்சுமி. இத நான்தான் கழட்டுனேன்."

ஸஜீதா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, துடைக்கத் துவாய் கொடுத்தாள். விஜயலெட்சுமி தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை செய்பவள். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் விட்டுப் போகும் சின்னப் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. முந்தின நாள்தான் துஷாந்த் ருமேனியாவிலிருந்து பேசும்போது, "வண்டி வந்துருச்சா, அப்பா என்ன சொன்னாரு" என்று கேட்டிருக்கிறான். எந்த வண்டி என்று அவள் கேட்க, எல்லாம் வெளியே வந்திருக்கிறது.

"அப்பாக்கு கண்ணு போயிருச்சுக்கா. ஒரு கண்ணுல வெள்ள. மத்ததுல நேரா மட்டும்தான் தெரியும், பக்கத்துல எதுவும் தெரியாது. சொன்னா கேக்க மாட்டாரு. ஒருக்கா தேயிலைக்குள்ள போய் விழுந்தாரு. அடுத்த தடவ பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளைங்கள இடிக்காம ஒரு சாண்ல தப்பிச்சாரு. சாவிய ஒளிச்சா வயரை சேத்து ஸ்டார்ட் பண்ணிருவாரு, அவரு எலெக்ட்ரீஷியனாச்சே. பிளக்க கழட்டுனேன், வேற பிளக் வாங்கியாந்தாரு. அப்பறந்தான் ஒன்னையும் விட்டு வைக்கக் கூடாதுன்னு மூணு நாளு உக்காந்து கழட்டிப் போட்டேன். மெக்கானிக்கிட்ட குடுத்திருக்குன்னு சொன்னேன். இப்ப நான் சொன்ன பொய்யி உண்மையாப் போச்சு."

"அந்தத் துணி முடிச்சு?"

"புள்ளைங்களோட பால் போத்தல் மாறிரக் கூடாதுன்னு ஒவ்வொன்னுலயும் ஒரு கலர் துணி கட்டுவோம். அந்தப் பழக்கம்தான்."

"கழட்டி ஒளிக்கப் போறதுக்கு ஏன் அவ்வளவு வரிசையாக் கட்டினீங்க?"

விஜயலெட்சுமி துவாயை மடித்தாள். "தெரியலக்கா. அப்பா வண்டிதானே" என்றாள். பிறகு, "திருப்பிக் கழட்டிருங்களேன்" என்று கெஞ்சுவதுபோலச் சொன்னாள்.

நாலு மாதமாகத் தேடிய பழுது என்னவென்று ஸஜீதாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் தலை தெளியவில்லை. முன்னைவிட மோசமாகச் சுற்றியது. வண்டி கந்தப்பனுடையது. கொண்டுவந்து கொடுத்தவன் மகன். கழற்றச் சொல்பவள் மகள். அன்று பின்னேரம் துஷாந்த் புது நம்பரிலிருந்து பேசி, "அக்கா பேச்சக் கேட்டு கழட்டிராதீங்க, அப்பா அந்த வண்டி இல்லாம ஒடிஞ்சு போயிருக்காரு" என்றான். "பூட்டின வண்டியக் கழட்டுறது பாவம்" என்றார் அஸ்ஹர். றுஷ்தி எல்லாருக்கும் ஆமாம் போட்டார். ஸஜீதா ஸ்பெனரை எடுத்துக்கொண்டு பைக்கடிக்குப் போவதும், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து கை கழுவுவதுமாக இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. மகன் இப்படிச் சொன்னான், மகள் அப்படிச் சொன்னாள் என்று கேட்டு அவள் ஒருவருக்கும் பல் கட்டியதில்லை. ஆளே டொக்டரிடம் போய் உட்கார வேண்டும். வாயைத் திறந்து காட்ட வேண்டும். விஜயலெட்சுமிக்கு அழைப்பெடுத்தாள்.

"வாப்பாவக் கூட்டிக்கொண்டு வாங்க."

"வந்தா ஓட்டணும்பாரு."

"வரட்டும். என்ன செய்யணும் என்டு தெரியாமத்தான் கூப்பிடுறன்."

"அப்ப செயினையாவது கழட்டி வைங்கக்கா. சத்தம் கேட்டா போதும் அவருக்கு. வண்டி நகரக் கூடாது."

அது நல்ல யோசனையா, ஒரு கிழவரை ஏமாற்றும் வேலையா என்று ஸஜீதாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பின்செயினைக் கழற்றி, துடைத்து, மேசையில் மெழுகு வைக்கும் லாச்சியை இழுத்து அதற்குள் போட்டாள்.

கந்தப்பன் வந்த அன்று வெயில். வெள்ளைச் சாரம், பழுப்புக் கோட்டு. மகள் கையைப் பிடிக்க வந்தபோது உதறிவிட்டுத் தானே படி ஏறினார். தலையைக் கோழிபோல இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, தெரிகிற சிறு வட்டத்துக்குள் பைக்கைத் துண்டு துண்டாகப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுத் தடவத் தொடங்கினார். ஹாண்டில், விளக்கு, டாங்கி.

"பெயின்ட்டு வழுவழுன்னு இருக்கு. நீங்களா அடிச்சீங்க?"

"ஓம்."

"துரை காலத்துல கூட இப்படி இல்லம்மா."

எண்ணெய் கலந்த பெட்ரோலை ஸஜீதா முன்பே ஊற்றி வைத்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து, கார்புரேட்டரின் பொத்தானை விரலால் இரண்டு தரம் அழுத்தி, கிக்கரில் கால் வைத்தார். முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் பேன்டம் பிடித்துக்கொண்டது. போர்ட்டிக்கோ முழுக்க நீலப் புகை. அடுத்த வீட்டு நாய் குரைத்தது. கந்தப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார், ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார், சத்தம் சீரானது. றுஷ்தி வாசலில் நின்று கைதட்டினார்.

அப்போது யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பழக்க தோஷமோ என்னவோ, அவர் கிளட்சைப் பிடித்து, காலால் கியரைப் போட்டு, மெதுவாக விட்டார். விஜயலெட்சுமி "அப்பா!" என்று கத்தினாள். வண்டி அசையவில்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கந்தப்பன் அணைத்தார். இறங்கிக் குந்தி, கையைப் பின் சில்லுக்குக் கொண்டுபோய், வெறும் பற்சக்கரத்தைச் சுற்றித் தடவினார்.

"செயின் எங்க?"

"செயின் இன்னும்..." என்று ஸஜீதா இழுத்தாள். விஜயலெட்சுமி தரையைப் பார்த்தாள்.

"நீ சொன்னியா விஜி?"

அவர் பலகையின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீ மூணு நாளா இத கழட்டும்போது நான் எங்க இருந்தேன்னு நெனக்கிற? உள்ள காம்பராவுலதான் படுத்திருந்தேன். தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டியா? ஒவ்வொரு நட்டு கழர்றதும் எனக்குக் கேட்டுச்சு. மூணாவது நாளு ஃப்ளைவீல் வரல. நீ தட்டித் தட்டிப் பாத்த. அப்படித் தட்டுனா காந்தம் கெட்டுரும். எந்திரிச்சு வந்து எப்படி எடுக்கணும்னு காட்டிரலாமான்னு பாத்தேன். என் வண்டியத்தான் கழட்டுறா, நானே போய் சொல்லிக் குடுக்கவான்னு எனக்கே ஒன்னும் வெளங்கல. பேசாம படுத்துக்கிட்டேன்."

"தெரிஞ்சுகிட்டே மாசா மாசம் 'வண்டி ரெடியா'ன்னு கேட்டீங்களேப்பா!"

"கேக்காட்டி எனக்குத் தெரியும்னு நீ கண்டுபிடிச்சிருவியே."

விஜயலெட்சுமி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஸஜீதாவுக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. "அந்தப் புள்ளைங்கள இடிக்கப் பாத்த அன்னிக்கே நான் விட்டிருக்கணும்" என்றார் கந்தப்பன், யாரையும் பார்க்காமல். "விடணும்னு வாய் வரல. நீ கழட்டுன. சரின்னு இருந்துட்டேன்."

ஸஜீதா எழுந்து உள்ளே போய், லாச்சியைத் திறந்து, செயினைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு றுஷ்தி கேட்டார். மறைத்து வைக்க ஏலாமல் போயிற்று என்றாள். கந்தப்பன் செயினை ஜெபமாலைபோலக் கண்ணி கண்ணியாக விரலில் ஓட்டினார். பூட்டிவிடுவாரோ என்று மூவரும் பார்த்திருந்தார்கள். அவர் அதைச் சுருட்டி அவளிடமே நீட்டினார்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும்மா. வண்டியும் இங்கயே நிக்கட்டும். லயத்து வீட்டு வாசல்ல வச்சா மழ, புள்ளைங்க ஏறி வெளையாடும். மாசம் ஒருக்கா கண்ணு கிளினிக்குக்கு பெரியாஸ்பத்திரி வருவேன். வர்றப்ப ஒரு பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணிட்டுப் போறேன். உங்களுக்கு எடைஞ்சலா?"

இடைஞ்சல்தான். போர்ட்டிக்கோவில் பாதி இடம் அதற்கே போய்விடும். "இல்ல" என்றாள் ஸஜீதா.

பேன்டம் இப்போதும் அங்கேதான் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள், "முடிஞ்சிதா? விக்கவா? யாருட?" என்று கேட்கிறார்கள். முடிந்தது என்றால் செயின் இல்லை. முடியவில்லை என்றால் ஒரு குறையும் இல்லை. ஸஜீதா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றைச் சொல்லி வைக்கிறாள். துஷாந்துக்கு வீடியோவில் எஞ்சின் ஓடுவதைக் காட்டினார்கள்; அவன் அழுதுவிட்டு, "எப்ப வீட்டுக்குக் கொண்டு போவீங்க" என்று கேட்டான்.

போன மாதம் வெலிமடையிலிருந்து ஒருவர் முழுசாக ஒரு பழைய ட்ரயம்ப்பைக் கொண்டுவந்து இறக்கினார். அதைச் சுற்றிச் சுற்றி வந்த ஸஜீதா, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விஜயலெட்சுமிக்கு அழைப்பெடுத்தாள்.

"சனிக்கிழமைல வர ஏலுமா?"

"கழட்டவா, பூட்டவாக்கா?"

"கழட்ட."

"அப்ப வர்றேன்."

அவள் ஒரு பை நிறையக் கலர்த் துணி வெட்டிக்கொண்டு வந்தாள். கிளினிக் நாளில்லாவிட்டாலும் கந்தப்பனும் கூடவே வந்துவிட்டார். தன் பேன்டத்தை ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டு, அணைத்துவிட்டு, பிளேன்டீ குடித்தார். புறப்படும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"செயினுக்கு எண்ண போடுறீங்களாம்மா?"

"போன மாசம் போட்டன்."

"மாசா மாசம் போடணும். இல்லாட்டி கண்ணி இறுகிரும்."

ஓடாத செயினுக்கு எதற்கு எண்ணெய் என்று அவள் கேட்க நினைத்தாள். அவர்கள் பஸ்ஸுக்கு இறங்கிப் போன பிறகு, லாச்சியைத் திறந்து, செயினை ஒரு பழைய தகரப் பேணிக்குள் வைத்து, எண்ணெய் நிறைய ஊற்றி, கண்ணிகள் முழுக்க நனைகிறதா என்று விரலால் புரட்டிப் பார்த்தாள்.